ஏழு தரமும் மண்ணால்

"உங்களுக்கு வந்திருக்கிறது உங்கட வருத்தமில்லை நானா. அது வேற ஆரோடயோ வருத்தம்."

ஆஸ்பத்திரியின் ஆண்கள் வாட்டில், என் கட்டிலருகே நின்று, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிறபடி நானா என்று கூப்பிட்டு, டொக்டர் இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலது கை முழங்கை வரை வீங்கி, தலையணை மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. இடது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் வேறு. இவ்வளவும் என் உடம்பில் நடக்கும்போது நோய் மட்டும் வேறு யாருடையதோ என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் அந்த டொக்டர்ப் பிள்ளை சொன்னது சரி. வருத்தம் என் நாயுடையது.

எங்கள் ஊரில் இப்போது நாய்க்குக் குட்டை, அதாவது சொறி, பிடித்தால் ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். வாயால் சொல்லும்போது எனக்கு வெட்கமான இடங்களை நைசாக விட்டுவிடுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் எழுதி வைக்கிறேன்.

போர்நிறுத்தத்தில் பாதை திறந்த அடுத்த வருடம் நான் புத்தளத்திலிருந்து தனியாக முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்தேன். இயக்கம் முஸ்லிம்களை ஊரை விட்டு வெளியேறச் சொன்னபோது நாங்கள் மூன்று பேர்: நான், மனைவி ரஹீமா, கைக்குழந்தையாக மூத்தவள். சின்னவள் நஸ்ரின் புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில் பிறந்தவள். முல்லைத்தீவு அவளுக்கு வாப்பா சொல்லும் ஒரு கதை, அவ்வளவுதான். பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலை ஜன்னல் எதுவும் இல்லை. சுவர்கள் நின்றன. குசினிக்குள், அடுப்பு இருந்த இடத்தில், ஒரு பூவரசு முளைத்து, சுவரை விட உயரமாக வளர்ந்திருந்தது.

அவர்கள் மூன்று பேரும் அந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும். எனக்கு இருந்த ஒரே ஆசை அது. ரஹீமாவுக்குக் காரணங்கள் இருந்தன, எல்லாம் நியாயமான காரணங்கள். கூரை இல்லை என்றாள், முன் அறைக்குத் தகரம் போட்டேன். கிணறு தூர்ந்து கிடக்கிறது என்றாள், இறைத்தேன். மிதிவெடி என்றாள், வெடி அகற்றியவர்கள் அடையாளத்துக்கு நட்டுவிட்டுப் போன தடிகளை எண்ணி எழுதினேன். பள்ளிக்கூடம் என்றாள், அதை என்னால் கட்ட முடியாது. ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் "பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா" என்று எழுதுவேன். அவள் பதிலில் எல்லாம் இருக்கும், அதற்கு மட்டும் பதில் இருக்காது. அப்படியிருந்தவள், வருடக் கடைசி விடுமுறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று முதன்முதலாக எழுதினாள். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கச்சான் கடலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டினேன்.

இப்போது நாய்க்கு வருகிறேன். நான் வந்த அன்று அது என் வீட்டில்தான் கிடந்தது. நடு அறையில், கூரையில்லாத வெயிலில், தன் வீட்டில் படுத்திருப்பவனுடைய நிம்மதியோடு. நான் உள்ளே போனதும் எழும்பி, ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போய்ப் படுத்தது. எனக்கு வீட்டை விட்டுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

எங்கள் மார்க்கத்தில் பயிர் காவலுக்கு நாய் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் செல்லமாக வளர்ப்பது கூடாது. பன்றி வந்து கச்சானைக் கிண்டுகிற ஊரில் காவல் நாய்க்கு யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் பெயர் வைத்தால் அது செல்லமாகிவிடும் என்று நினைத்து நான் பெயர் வைக்கவில்லை. சோறு வைக்கும்போது "வாடா" என்பேன், பன்றிச் சத்தம் கேட்டால் "வாடா" என்பேன். கடைசியில் "வாடா" என்பதே அதன் பெயராகிவிட்டது. எதிர் வளவில் இருக்கும் பிலோமினா அக்காதான் இதை முதலில் கண்டுபிடித்தவர். கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கருவாடு விற்றுச் சீவிக்கிற மனுசி. "நானா, உங்கட வாடா என்ர கருவாட்டுக் கூடையை மணந்துகொண்டு நிக்குது" என்று ஒருநாள் வேலிக்கு மேலால் சொன்னார். அன்றிலிருந்து ஊருக்கே அது வாடாதான்.

கச்சான் பூக்கும் நேரத்தில் அதன் காது விளிம்பில் மயிர் கொட்டத் தொடங்கியது. பிறகு முழங்கால், வயிறு. தோல் தடித்துச் சாம்பல் நிறத்தில் பொருக்குப் பொருக்காக எழும்பியது. இருபத்துநாலு மணி நேரமும் சொறிந்தது. சொறிந்த இடத்தில் இரத்தம், அதில் மொய்க்கிற இலையான், பிறகு நாற்றம். தின்பதைக் குறைத்துக்கொண்டது. பன்றி வந்தால் படுத்தபடியே குரைத்தது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வைத்திருக்கிற ஒருவர் கழிவு ஒயில் பூசச் சொன்னார். எங்கள் பக்கத்தில் குட்டை நாய்க்கு இதுதான் கண்கண்ட மருந்து. நானும் ஒரு போத்தல் வாங்கித் தேய்த்தேன். வாடா அதை நக்கிவிட்டு இரண்டு நாள் வாந்தி எடுத்தது. தோல் வெந்து இன்னும் மோசமானது. பிலோமினா அக்கா வந்து பார்த்துவிட்டு என்னைத்தான் ஏசினார்.

"உங்களுக்கு மூளை கிடக்கோ நானா? உது நாயோ, எஞ்சினோ?"

"எல்லாரும் பூசுறவை அக்கா."

"எல்லாரும் பூசுறவை, பேந்து எல்லாற்ற நாயும் சாகிறது. இனி அடிச்சுப் போடுங்கோ எண்டுவாங்கள். பாத்துக்கொண்டு நில்லுங்கோ."

அவர் சொன்னபடியே இரண்டு பேர் வந்து அடித்துப் போடச் சொன்னார்கள். நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வேப்பிலை அவித்த தண்ணீர்தான். வாடாவுக்கு நடக்கக் கஷ்டம். அதனால் அதைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவேன், மேலில் சட்டையில்லாமல், சாரத்தோடு. குளிப்பாட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு வருவேன். காய்கிற வரைக்கும் என் மடியில் வைத்திருப்பேன். இதுதான் வாயால் சொல்லும்போது நான் விட்டுவிடுகிற இடம். காவல் நாயை யாரும் மடியில் வைத்திருப்பதில்லை. அந்த வீட்டில் வேறு யாரும் என் மடிக்கு வரப்போவதில்லை என்பதால் வைத்திருந்தேன். சின்னவள் நடக்கப் பழகிய காலத்தில் நான் உப்பளத்தில் வேலை செய்துவிட்டு இரவில்தான் வருவேன். அவளை மடியில் வைத்திருந்த நேரம் மிகக் குறைவு. நாயை வைத்திருந்தபோது அந்த நினைவு வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

ஈரமான நாய் உடம்பில் பட்டால் எங்கள் வழக்கத்தில் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும். அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். இது சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். ஆனால் மடியில் வைத்திருந்தவனுக்கு ஒரு தரம் மண் போதாது என்று பட்டது. தெரியாமல் நாய் பட்டவனைவிடப் பெரிய பிழை செய்துவிட்டதாக ஒரு பயம். ஏழு தரமும் மண்ணாலேயே கழுவினேன். கிணற்றடி மண், கிரவல் கலந்த சிவப்பு மண். உரஞ்சி உரஞ்சிக் கழுவுவேன். பிறகு சவுக்காரம். இப்படி ஒரு மாதம். உள்ளங்கையும் விரல் மடிப்புகளும் கோடை வயல் போல வெடித்துவிட்டன.

அதற்கிடையில் எனக்கும் உடம்பு அரித்துக் கடி தொடங்கியது. முன்னங்கை, நெஞ்சு, வயிறு எல்லாம் சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள். வெயில் ஏறினால் தாங்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து எடுக்கிற வரிசை வாங்குகளில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். எனக்குப் பின்னால் காதர் காக்கா இருந்தார். எங்கள் பள்ளிவாசல் ஆள், புடவை வியாபாரி, வயதில் என்னைவிடப் பதினைந்து மூப்பு. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்க வந்தவர். அவருடைய குடும்பமும் புத்தளத்தில்தான், ரஹீமா இருக்கும் அதே அகதி முகாமில், மூன்று வீடு தள்ளி. காதர் காக்கா வாய் மூடியிருந்த நாள் ஒன்று உண்டென்றால் அது நோன்பு நாள். அதுவும் மாலை மஃரிப் வரைக்கும்தான்.

உள்ளேயிருந்த டொக்டர் என் கையைப் பார்த்துவிட்டு, கதவு திறந்தபடியே கேட்டார்:

"வீட்டில வேற ஆருக்கும் சொறி இருக்கோ?"

"நான் தனியன்."

"நாய், பூனை ஏதும் வளர்க்கிறியளோ?"

காதர் காக்கா அடுத்த ஆளாக வாசலில் நின்றார். அவருடைய காது இந்தப் பக்கம்தான் இருந்தது. நாய் என்று என் வாயில் வந்தால், அவருடைய அடுத்த புடவை லொறியில் அந்தச் சேதி புத்தளம் போய்விடும். ரஹீமாவின் காரணங்களோடு இன்னும் ஒரு காரணம் சேர்ந்துவிடும். கூரைக்குத் தகரம் போடலாம், சொறி நாயைத் தூக்கி மடியில் வைத்த புருசனுக்கு என்ன போடுவது?

"இல்லை" என்றேன்.

மனிதருக்கு வருகிற சொறி என்று நினைத்து வெள்ளை மருந்து ஒரு போத்தல் தந்தார்கள். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதும் பூசி, மூன்று நாள் வைத்துக் கழுவ வேண்டும், உடுப்புகளைச் சுடுதண்ணீரில் அவித்து வெயிலில் போட வேண்டும். எல்லாம் செய்தேன். நாலு நாள் சுகம். ஐந்தாம் நாள் வாடாவைத் தூக்கிக் குளிப்பாட்டினேன். ஏழாம் நாள் பழையபடி கடி. இன்னொரு போத்தல். மீண்டும் அதே கதை. மூன்றாம் தரம் போனபோது மருந்து தருகிறவர் என்னைக் குளிக்காதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பிறகு ஒருநாள் காலையில் எழும்பினால் வலது கை கனத்தது. புறங்கை சிவந்து, தொட்டால் சுட்டது. பின்னேரம் சிவப்பு முழங்கைக்கு ஏறிவிட்டது. குளிர் பிடித்து நடுங்கினேன். பிலோமினா அக்கா வேலியால் பார்த்துவிட்டு, யாரையோ மறித்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் என்னை ஏற்றிவிட்டார்.

கட்டில் தலைமாட்டு அட்டையில் 'செலுலைட்டிஸ்' என்று எழுதினார்கள். வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போய், தோலுக்குக் கீழே சதையில் பரவுகிற வீக்கம் அது. ஊசி மருந்து நரம்பால் ஏற்றவேண்டும், ஏற்றாவிட்டால் கிருமி இரத்தத்தில் கலந்துவிடும் என்று நேர்ஸ் மிஸ்ஸி சொன்னார். எனக்கு ஆகப் பெரிய பயம் கை போய்விடுமோ என்பதல்ல. விடுமுறைக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருந்தது. அவர்கள் வந்து இறங்கும்போது பஸ்ஸடியில் நான் நிற்க வேண்டும், பெட்டியை வாங்க ஒரு கை வேண்டும். அதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் யார் என்று நினைக்கிறீர்கள்? காதர் காக்காதான். காலில் சீனிப்புண், ஒரு கிழமையாகக் கிடக்கிறார். என்னைக் கண்டதும் அவருக்கு வருத்தம் பாதி குறைந்துவிட்டது.

பிலோமினா அக்கா தினமும் மத்தியானம் வந்தார். வாடாவுக்குக் கஞ்சி வைத்துவிட்டுத்தான் வருவார், ஆனால் வாட்டில் வைத்து அதைச் சொல்லமாட்டார். "அங்க எல்லாம் சுகம்" என்று மட்டும் சொல்லிக் கண்ணைக் காட்டுவார். எனக்குச் சோறும் மீன் குழம்பும். முதல் நாளே மூடியைத் திறக்கும் முன் சொன்னார்:

"புதுச்சட்டி நானா. பன்றி கின்றி எதுவும் ஏறாத சட்டி. மாதா சத்தியம்."

அந்தச் சட்டியை அவர் இன்றுவரைக்கும் எனக்கென்றே தனியாக வைத்திருக்கிறார்.

மூன்றாம் நாள் காலை அந்த டொக்டர் வந்தார். புதிதாக வந்த பிள்ளை, மெலிந்த உருவம், கேள்வி கேட்டால் பதில் வரும்வரைக்கும் போகாத குணம். என் சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சையும் வயிற்றையும் பார்த்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்.

"மனிசருக்கு வாற சொறியெண்டா முதல் விரலிடுக்கிலதான் வரும். உங்களுக்கு விரலிடுக்கில ஒண்டுமில்லை. முன்னங்கையில, நெஞ்சில, வயித்தில மட்டும் கிடக்கு. எதையோ தூக்கி அணைச்சுக்கொண்டு திரியிறியள். என்னத்தை?"

"கச்சான் சாக்கு" என்றேன்.

அதற்குப் பிறகுதான் வருத்தம் வேறு யாருடையதோ என்று சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பினார்.

"கை ஏன் இப்பிடி வெடிச்சிருக்கு? இதாலதான் கிருமி போயிருக்கு. என்னத்தால கழுவுறியள்?"

களைப்பு. காய்ச்சல். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"மண்ணால."

"மண்ணாலயோ? ஏன் மண்?"

டொக்டருக்கு அது வெறும் மண். பக்கத்துக் கட்டிலில் அது வெறும் மண் இல்லை. காதர் காக்கா, காலைத் தூக்கி வைத்துக் கிடந்தவர், முழங்கையை ஊன்றி எழும்பினார். எங்கள் ஆட்கள் கையை மண்ணால் கழுவ ஒரே ஒரு காரணம்தான் உண்டு.

"நாய் வெச்சிருக்கிறியாடா சலீம்?"

வாட்டே திரும்பிப் பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எத்தினை தரம் கழுவின?"

"ஏழு."

"ஏழும் சரி, மண் எத்தினை தரம்?"

"ஏழும் மண்ணாலதான்."

"அல்லாவே! ஒரு தரம்தானேடா மண்! மத்தது வெறும் தண்ணி. ஆரடா உனக்கு ஏழும் மண்ணெண்டு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கு அது காணாது போல கிடந்தது."

அவர் ஊன்றிய முழங்கையை எடுத்தார். மீண்டும் படுத்து, முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். காதர் காக்கா பேசாமல் கிடந்ததைப் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

டொக்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன உண்ணி நாயின் தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். அதனால்தான் அந்தக் கடி. நாயைத் தூக்கினால் அது மனிதர் மேலும் ஏறும், கடிக்கும். ஆனால் மனித உடம்பில் குடும்பம் நடத்தத் தெரியாமல் கொஞ்ச நாளில் செத்துவிடும்.

"நாயைச் சுகப்படுத்தினா நீங்களும் சுகம். நாய் இல்லையெண்டு சொல்லிக்கொண்டு இருந்தா எத்தினை போத்தல் பூசினாலும் சரிவராது. முதல் நாளே சொல்லியிருக்கலாமே நானா?"

சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன்.

ஐந்தாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். கிளம்பும்போது காதர் காக்காவின் கட்டிலடியில் நின்றேன். "காக்கா, புத்தளத்தில சொல்லிப்போடாதீங்க" என்றேன்.

"நான் ஏன் சொல்லப்போறன்?" என்றார். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

விசுவமடுவில் கிழமைக்கு ஒருநாள் மிருக வைத்தியர் வருவார். கச்சான் மூட்டை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போன லான்ட்மாஸ்டரில், மூட்டைகளுக்கு மேல் நான், பிலோமினா அக்கா, சாக்கில் சுற்றிய வாடா. குழியெல்லாம் விழுந்து எழும்பி மூன்று மணித்தியாலம். பஸ்ஸில் ஏற்றவில்லை, நாற்றத்துக்கு அவர்களைக் குறை சொல்ல ஏலாது.

அங்கே ஒரு வாகை மரத்தின் கீழ் பசுக்களும் ஆடுகளும் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. நாய் கொண்டு வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். சினைப்பசுவோடு வந்த ஒருவர், "நாய்க்கும் டொக்டரோ?" என்று கேட்டார். பிலோமினா அக்கா, "ஏன், உங்கட மாட்டுக்கு மட்டும்தான் நோகுமோ?" என்றார். அவர் தன் பசுவைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்.

வைத்தியர் வாடாவின் காது விளிம்பை விரலால் தேய்த்தார். அதன் பின்னங்கால் தானாகத் தூக்கிக் காற்றில் சொறிந்தது. "இதுதான் அடையாளம்" என்றார். பிளேட்டால் தோலை மெல்ல, இரத்தம் கசியும் வரைக்கும் சுரண்டி, கண்ணாடித் துண்டில் ஒரு துளி எண்ணெயோடு வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டை உடம்பு, குட்டைக் கால்கள், மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

"நாங்கள் நாளும் உண்ணி பிடுங்குறனாங்கள் ஐயா. ஒரு உண்ணியும் இல்லை" என்றேன்.

"நீங்கள் பிடுங்குறது வெளியில இருக்கிற உண்ணி. இது உள்ளுக்கு வீடு கட்டியிருக்கு. கையால பிடுங்கேலாது."

தோலுக்குக் கீழே ஒரு ஊசி. இரண்டு கிழமைக்கு ஒன்றாக மூன்று ஊசி போடவேண்டும், ஏனென்றால் மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை பொரித்து வருவதை அடுத்த ஊசி பிடிக்கும். படுத்த சாக்கை எரிக்க வேண்டும். ஒயில் இனித் தொடக்கூடாது. கையில் பொலித்தீன் சொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு குளிப்பாட்ட வேண்டும். இந்தக் கடைசி யோசனையைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு சொப்பிங் பை! ஈரம் கையில் படாவிட்டால் ஏழு தரமும் இல்லை, மண்ணும் இல்லை. அதுவும் மடியில் வைக்காதவனுக்குத்தான், என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதை நான் வைத்தியரிடம் சொல்லவில்லை.

அட்டை எழுதுகிறவர் நாயின் பெயர் கேட்டார்.

"வாடா."

"எங்க?"

"பேர் ஐயா. பேர்தான் வாடா."

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். பெயர்: வாடா. உரிமையாளர்: ச. சலீம். எங்கள் வீட்டு முகவரிக்கு என் பெயரோடு பதிவான இரண்டாவது ஆள் அது.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு பொருக்குகள் உதிர்ந்தன. கீழே தோல் குழந்தைத் தோல் போல இளஞ்சிவப்பாக இருந்தது. மூன்றாவது ஊசிக்குப் போகும்போது காதில் மயிர் முளைத்திருந்தது, லான்ட்மாஸ்டரில் தானே பாய்ந்து ஏறியது. என் கடியும் எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. ஒருநாள் தண்ணீர் கட்டும்போதுதான், நான் சொறியவில்லையே என்று பிடிபட்டது.

விடுமுறை வந்தது. பஸ்ஸடிக்கு மூன்று நாள் போனேன். நாலாம் நாள் புடவை லொறியில் வந்த ஒருவர் கடிதம் கொண்டுவந்து தந்தார். காதர் காக்கா சொல்லித்தான் இருக்கிறார். ஆனால் எப்படிச் சொல்லியிருக்கிறார் என்பது கடிதத்தில்தான் தெரிந்தது.

"மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை முடியவில்லை, அதனால் இந்தத் தரம் வரச் சரிவரவில்லை" என்று தொடங்கியிருந்தாள். பிறகு இப்படி: "நீங்கள் கையை ஏழு தரமும் மண்ணால் கழுவிக் கழுவி ஆஸ்பத்திரியில் கிடந்ததாகக் காதர் காக்கா சொல்லி அழுதார். ஒரு தரம் காணும். அந்த ஒரு தரத்துக்கும் கிரவல் மண் எடுக்காதீங்கள். மண்ணை அரித்து எடுங்கள். குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் பழைய அரிதட்டு கிடக்கும், ஓரம் கிழிந்தது. அதை எடுங்கள். பக்கத்தில் இருக்கிற மா அரிதட்டைத் தொட வேண்டாம்."

கீழே சின்னவளின் எழுத்து: "வாப்பா, நாய்க்கு என்ன பேர்?"

மூன்று தரம் படித்தேன். வருகிறோம் என்ற சொல்லைத் தேடினேன், அது இல்லை. நாயை விடு என்றும் எங்கும் இல்லை. குசினியில் கதவும் இல்லை, அரிதட்டும் இல்லை, பூவரசுதான் இருக்கிறது என்பதை எத்தனையோ கடிதத்தில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அவள் அங்கே எந்த ஆணியில் எது கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பன்னிரண்டு வருடமாக அந்தக் குசினியை விட்டு அவள் வெளியே வரவேயில்லை என்று அன்றுதான் விளங்கியது.

கத்தியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்ப் பூவரசை வெட்டினேன். கதவு இருந்த இடத்துக்குப் பின்னால், சுவரில் படர்ந்திருந்த கொடியை இழுத்தேன். ஆணி இருந்தது. துருப்பிடித்து, கொஞ்சம் வளைந்து. அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொன்று.

முள்ளியவளைச் சந்தையில் இரண்டு அரிதட்டு வாங்கினேன். ஒன்றின் ஓரத்தை நானே கொஞ்சம் கிழித்தேன். மற்றதைக் கடைக்காரர் கடதாசியில் சுற்றித் தந்தபடியே, பிரிக்காமல், இரண்டாவது ஆணியில் கொழுவினேன். பொய் சொல்லி ஒரு தரம் கை வீங்கினது போதும். அதனால் முதலில் கொழுவிவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

"நீ சொன்ன இடத்திலேயே அரிதட்டு கிடக்கிறது. மா அரிதட்டு பக்கத்தில் இருக்கிறது, நான் தொடவில்லை. சின்னவளிடம் சொல்லு, நாய்க்குப் பேர் வாடா. கூப்பிட்டால் வரும்."

கடைசியில் வழக்கமாக எழுதுவதை எழுதினேன். எழுதியதை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்தேன். "பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா."

வெளியே படுத்திருந்த வாடா எழும்பி வந்து வாசலில் நின்றது.

"உன்னையில்லையடா" என்றேன்.

அது போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.